எண் போட்ட பார்க்கிங்கில் ஓர் இரவு, பிளாக் கோர்ஸில் ஒரு பகல்

2025 செப்டம்பரில் டிவியில் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டி ஓடிய மூன்று நாளும் நான் ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஐரோப்பிய அணி 15-13 என்று அமெரிக்காவை அதன் சொந்த மண்ணிலேயே வென்றது பெரிய விஷயம்தான். ஆனால் என் கண் முழுக்க தரையிலேயே இருந்தது. அந்த மணல் குழி, அந்த மேடு, அந்த உயரமான புல். முதல் ஹோலைச் சுற்றி ஸ்டேடியம் மாதிரி எழுப்பியிருந்த கேலரியை கேமரா காட்டியபோது என் மனைவி கேட்டாள், "இதுதானே நீங்க ராத்திரி முழுக்க காருக்குள்ள படுத்துக் கிடந்துட்டுப் போய் ஆடின இடம்?" அதே இடம்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இனியும் தள்ளிப் போட்டால் சின்னச் சின்ன விவரங்கள் மறந்துவிடும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது நியூயார்க் பக்கத்தில், லாங் ஐலண்டில் ஹிக்ஸ்வில் என்ற ஊரில். தோசைக்கும் மல்லிகைப்பூவுக்கும் குறைவில்லாத ஊர், இந்தப் பக்கம் இருக்கும் தமிழர்களுக்குத் தெரியும். அங்கிருந்து காரில் கால் மணி நேரம் போனால் ஃபார்மிங்டேல், அங்கே பெத்பேஜ் ஸ்டேட் பார்க். மாநில அரசுப் பூங்கா. அதற்குள் ஐந்து கோல்ஃப் மைதானங்கள், ஐந்துக்கும் நிறத்தின் பெயர்தான்: மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. இங்கே எல்லோரும் யெல்லோ, கிரீன், புளூ, ரெட், பிளாக் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். டிவியில் பார்த்த இடம் இந்த பிளாக்தான்.

அரசுப் பூங்கா என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வளர்ந்தது கூடலூரில். ஊட்டியில் கல்லூரிப் படிப்பு, ஹாஸ்டல், வார இறுதியில் பஸ்ஸில் வீடு. ஊட்டியை விட்டு பஸ் வெளியே வரும்போது கோல்ஃப் மைதானம் தெரியும். மடிப்பு மடிப்பாகப் பச்சை, நடுநடுவே மஞ்சள் பூ பூத்த முள்செடிப் புதர்கள், எங்கேயோ தூரத்தில் ஒரு கொடி, அதன் பக்கத்தில் நாலு பேர் பொம்மை மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள். மூன்று வருடம் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். அது நமக்கானது என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை, ஆசைப்படவும் இல்லை, ஏதோ வானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன் அவ்வளவுதான். நம் ஊரில் கோல்ஃப் என்றால் கிளப், கிளப் என்றால் மெம்பர்ஷிப். அதனால் இங்கே வந்து, வரிசையில் நின்று காசு கட்டினால் யாராக இருந்தாலும் ஆடலாம், அதுவும் உலகத்தின் மிகப் பெரிய போட்டிகள் நடக்கும் அதே புல்லில் ஆடலாம் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நாங்கள் ஆடிய 2024இல் நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவருக்கு 18 ஹோலுக்கு 100 டாலருக்கும் குறைவு. வெளி மாநிலத்தவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தது ஓர் அண்ணன். தென்காசிக்காரர், மருத்துவமனை லேபில் வேலை, என்னைவிட பதினோரு வயது மூத்தவர். 34 வயதில் என்னை யெல்லோ கோர்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே இரண்டு வருடம், அப்புறம் கிரீன், புளூ, கடைசியில் ரெட். ரெட்டில் ஒருநாள் 92 அடித்து முடித்தேன், என் ஹேண்டிகேப் 17க்கு வந்தது. கோல்ஃப் தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு ஹோலையும், அதாவது தொடங்கும் இடத்திலிருந்து கொடி இருக்கும் குழிவரை, இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு, அதற்குப் பெயர் பார். பிளாக்கில் மொத்தம் 71. எனக்கு 17 என்றால் சாதாரண மைதானத்தில் என் நல்ல நாளில் பாரைவிட சுமார் 17 அடி கூட எடுப்பேன். அன்றைக்கு அண்ணன் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "தம்பி, அடுத்தது பிளாக்."

நான் தயங்கினேன். பிளாக்கின் முதல் டீ பாக்ஸுக்கு, அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்துக்கு, பின்னால் வேலியில் ஒரு பலகை தொங்குகிறது, கோல்ஃப் ஆடுகிறவர்களில் அதைப் படம் எடுக்காதவர் இல்லை. இது மிக மிகக் கடினமான மைதானம், தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறோம் என்று எச்சரிக்கை. நான் தேர்ந்த ஆட்டக்காரன் இல்லை. பின்னால் வருகிறவர்களைக் காக்க வைத்துவிடுவோமே என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அண்ணன் அதற்கு ஒரு வழி சொன்னார்: பந்தைத் தேடுவதற்கு நேரம் எடுக்காதே, உன் முறை வருவதற்கு முன்னாலேயே எந்தக் கிளப்பால் (மட்டையால்) அடிப்பது என்று முடிவு பண்ணிவை, பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) ஆடும்போது நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்க்காதே, வேகமாக நட. மெதுவாக ஆடுவதுதான் தப்பு, அதிக அடி எடுப்பது தப்பே இல்லை. இதை முதன்முறை பிளாக்குக்குப் போகும் எல்லோருக்கும் நானும் சொல்லுவேன்.

ஆன்லைனில் நேரம் பதிவு செய்ய முயற்சி பண்ணினோம், திறந்த சில நொடிகளில் எல்லாம் போய்விடுகிறது. இன்னொரு வழி இருக்கிறது. காலையின் முதல் நேரங்களை நேரில் வருகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்காக முந்தின நாள் சாயங்காலமே போய், எண் போட்ட பார்க்கிங் இடத்தில் காரை நிறுத்தி, ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே இருக்க வேண்டும். யார் எந்த எண்ணில் நிற்கிறாரோ அதுதான் வரிசை. தள்ளுமுள்ளு இல்லை, சிபாரிசு இல்லை.

அது ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து நேராகப் போனோம். எங்களுக்குக் கிடைத்தது ஆறாம் எண். எனக்கு அந்த ராத்திரி ரொம்பப் பிடித்துப் போனது. திருவிழாவுக்கு முந்தின ராத்திரி கோயில் வாசலில் ஜமக்காளம் விரித்துப் படுத்திருப்பார்களே, அந்த மாதிரி. மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர் சின்ன அடுப்பில் இறைச்சி சுடுகிறார், காலேஜ் பையன்கள் தார் தரையில் சிப் ஷாட் என்ற சின்ன அடியைப் பழகுகிறார்கள். மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பக்கத்துக் காரில் இருந்தவருக்கும் கொடுத்தோம். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், குவீன்ஸில் வீடு, கூட அவருடைய அக்கா மகன். நூறு தடவைக்கு மேல் பிளாக்கில் ஆடியிருக்கிறாராம். நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர், விடிந்ததும் நாலு பேராகச் சேர்ந்தே போகலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. இன்னும் இருட்டாக இருக்கும்போதே பூங்கா ஊழியர் ஒருவர் டார்ச்சோடு வந்து கார் காராகத் தட்டி, கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்துக்கொண்டு போனார். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பிளாக் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பார்க்கிங்கில் நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இல்லாமல் தவித்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய நிவாரணத் திட்டத்தில்தான் இந்தப் பூங்காவைக் கட்டினார்கள். அப்போது லாங் ஐலண்ட் பூங்காக்களை நிர்வகித்தவர் ராபர்ட் மோசஸ். மைதானங்களுக்கு ஆலோசகராகக் கொண்டுவந்தது ஏ. டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட்டை, அந்தக் காலத்தில் பணக்காரக் கிளப்புகளுக்கு மைதானம் வரைந்து கொடுத்துப் பெயர் வாங்கியவர். பிளாக் 1936இல் திறந்தது. பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஜோசப் பர்பெக்குக்குத்தான் இதில் பெரிய பங்கு என்று வாதிடுகிறவர்களும் உண்டு. யார் வரைந்திருந்தாலும் சரி, சாதாரண ஜனங்கள் ஆடப் போகிறார்கள் என்பதற்காக அவர்கள் எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பணக்காரர்களுக்கு எவ்வளவு கடினமாக வரைவார்களோ அதைவிடக் கடினமாக ஏழைபாழைக்கும் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அதை ஒரு மரியாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

2002இல் அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டி இங்கே வந்தது. அதற்கு முன்னால் மைதான வடிவமைப்பாளர் ரீஸ் ஜோன்ஸ் தலைமையில் மைதானத்தைப் புதுப்பித்தார்கள். மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு மைதானத்தில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. நாலு நாள் முடிவில் பாருக்குக் கீழே இருந்தது ஒரே ஆள், டைகர் உட்ஸ், அதுவும் மூன்று அடிதான் குறைவு. மற்ற அத்தனை பேரும் பார் அல்லது அதற்கு மேல். 2009இல் மறுபடி வந்தது, மழை கொட்டி திங்கட்கிழமை வரை இழுத்தது, லூக்கஸ் குளோவர் ஜெயித்தார். 2019இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு பெரிய போட்டி, ஜெயித்தவர் புரூக்ஸ் கெப்கா.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

பிளாக்கில் வண்டி கிடையாது. எல்லோரும் நடந்துதான் ஆக வேண்டும், வயதானவரும் சரி பையனும் சரி. முதல் டீ உயரத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே கிளப் ஹவுஸும் பட் பழகும் இடமும் என்பதால் எப்போதும் இருபது முப்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீழே ஃபேர்வே, அதாவது புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை, போய், வலது பக்கம் உயரமான மரங்களைச் சுற்றித் திரும்புகிறது. என் கை நடுங்கியது என்று சொல்வது மிகையில்லை. ரொம்பத் தூரம் அடிக்கும் டிரைவர் என்ற கிளப்பை எடுக்காமல் ஹைப்ரிட் என்ற கிளப்பை எடுத்தேன். பந்து நேராகப் போய் இடது ரஃபின், அதாவது ஃபேர்வேக்கு வெளியே உள்ள உயரமான புல்லின், ஓரத்தில் நின்றது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஆறு அடியில் அந்த ஹோலை முடித்துக்கொண்டு, நடுவில் போகும் ரவுண்ட் ஸ்வாம்ப் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனோம். இனி 14 வரை எல்லாமே சாலைக்கு அந்தப் பக்கம்தான். மற்ற மைதானங்களில் ஒன்பது முடிந்ததும் கிளப் ஹவுஸுக்குத் திரும்பி வருவோம், தண்ணீர் குடிப்போம், முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். இங்கே அது கிடையாது. உள்ளே போனால் போனதுதான்.

இரண்டாவது, மூன்றாவது பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாலாவதில்தான் நான் நின்றுவிட்டேன்.

படத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் நேரில் நிற்பது வேறு. நிலம் படிப்படியாக ஏறுகிறது, ஒவ்வொரு படிக்கும் குறுக்கே மணல். இரண்டாவது படியில் ஃபேர்வேயை வெட்டிக்கொண்டு குறுக்கே ஒரு பெரிய பங்கர், அதாவது மணல் குழி, பனிப்பாறை பங்கர் என்றே அதற்குப் பெயர். அதன் முகம் எங்கள் ஊர் தேயிலைச் சரிவு மாதிரி செங்குத்தாக, வெள்ளையாக நிற்கிறது. நேராகக் குறுக்கே வெட்டியிருந்தால் சும்மா ஒரு தடை, தாண்டு அல்லது நில் என்று முடிந்துவிடும். இது சாய்வாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் கிட்டே, மறுபக்கம் தூரம். எந்தப் பக்கம் போகிறோமோ அதற்கேற்ப தாண்டும் தூரம் மாறும், தாண்டினால் கிடைக்கும் இடமும் மாறும். அதாவது மைதானம் நம்மிடம் கேட்கிறது: இதில் உனக்கு எவ்வளவு வேண்டும்?

என் டிரைவ், அதாவது டீயிலிருந்து அடித்த முதல் அடி, ஃபேர்வேயில் இருந்தது. "அண்ணே, தாண்டட்டுமா?" என்று கேட்டேன். அவர் தூரத்தை அளந்துவிட்டு, "170 கெஜம் பறக்கணும் தம்பி. நீ 5 ஐயர்ன் கிளப்பில் நல்லாப் பட்டால் அடிக்கிற தூரம்தான். நல்லாப் படலைன்னா மண்ணுதான்" என்றார். 5 ஹைப்ரிட்டை எடுத்தேன். பந்து பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மணலின் விளிம்புக்கு ஒரு கெஜம் மேலே விழுந்து புல்லில் குதித்து நின்றது. பஸ் டிரைவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அங்கிருந்து கிரீனுக்கு, அதாவது கொடியும் குழியும் இருக்கும் புல்தரைக்கு, மேல் அடித்தேன், பந்து பின்பக்கம் வழிந்து இறங்கிவிட்டது, மொத்தம் ஏழு ஆனது. ஆனாலும் அந்த ஒரு ஷாட்டை இன்றைக்கும் படுக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஐந்தாவதில் நடந்ததைச் சொல்ல வேண்டும், இந்தப் பதிவை எழுதவே அது ஒரு காரணம். இங்கேயும் ஒரு பங்கர் சாய்வாகக் கிடக்கிறது, இந்தத் தடவை டீயிலிருந்து அடிக்கும்போது வலது பக்கம். இடது பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது, புல் அழகாக வா வா என்கிறது. நாலாவதில் ஏழு எடுத்த சோர்வு, இடது பக்கம் அடித்துவிட்டு நிம்மதியாக நடந்தேன். பந்து ஃபேர்வே நடுவில், படுக்கை விரித்த மாதிரி புல்லின்மேல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிரீன் தெரியவில்லை. மரங்கள். மேட்டின்மேல் இருக்கும் கிரீனுக்கும் எனக்கும் நடுவில் இடது பக்கத்து மரங்கள் சுவர் மாதிரி நின்றன. வலது பக்கம் அந்த மணலைத் தாண்டி அடித்திருந்தால் வழி திறந்திருக்கும்.

நான் தப்பான ஷாட் எதுவும் அடிக்கவில்லை. நினைத்த இடத்துக்கே பந்து போனது. அதற்கான விலையை அடுத்த அடியில்தான் கேட்டார்கள். பந்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றி, மறுபடி ஏழு. பஸ் டிரைவர் என் கூடவே நடந்து வந்தார். இந்த மைதானத்தில் டீயில் நிற்கும்போது எங்கே விழும் என்று பார்க்காதே, அங்கிருந்து அடுத்தது என்ன தெரியும் என்று பார் என்றார். இதைச் சொல்ல அவருக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும்! அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதில் அதற்கு மேல் வேறொன்றும் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு டீயிலும் அதையே நினைத்து நினைத்துத்தான் அடித்தேன், எல்லா நேரமும் கைகூடவில்லை, ஆனால் பார்வை மாறிவிட்டது.

எட்டாவது பார் 3, மேலிருந்து கீழே, கிரீனுக்கு முன்னால் குளம். என் முதல் பந்து அதற்குள் போனது. ஒன்பது முடிந்து பத்தாவது டீயில் நாலு பேரும் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம், மாமாவும் மருமகனும் ஊறுகாயை மட்டும் தவிர்த்துவிட்டார்கள். முன்பாதி 51.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் நீளமான பார் 4கள். 2002 போட்டியில் மழை பெய்த வெள்ளிக்கிழமை, உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் சிலருக்கே பத்தாவதின் டீயிலிருந்து ஃபேர்வேயை எட்ட முடியவில்லை என்று பெரிய புகாரானது. நாங்கள் அடித்தது வெள்ளை டீயிலிருந்து. அதிலேயே மொத்தம் 6,600 கெஜத்துக்கு மேல். போட்டிகளின் பின் டீயிலிருந்து 7,000ஐத் தாண்டும். ஃபேர்வேயின் இரண்டு பக்கமும் இடுப்பளவு உயர்ந்து, காற்றில் சாயும் காய்ந்த நிறப் புல். பார்க்க கம்பங்காடு மாதிரி அழகு. அதற்குள் என் பந்து போய்த் தேடாமல் விட்டுவிட்டு நடந்தேன், அண்ணன் சொன்னபடி.

ஒரு விஷயம் கவனித்தேன். பிளாக்கில் கிரீன்களின் உள்ளே பெரிய மேடுபள்ளம் அதிகம் இல்லை. பந்து கிரீனில் ஏறிவிட்டால் இரண்டு பட்டில் முடித்துவிடலாம். ஏறுவதற்குள்தான் எல்லாச் சோதனையும். பதினைந்தாவது மட்டும் விதிவிலக்கு.

பதினாலு முடிந்து சாலையைத் திரும்பக் கடக்கும்போது என் தோள் எரிந்தது, பையின் வார் அழுத்திய இடம் சிவந்திருந்தது. அண்ணனுக்கு முட்டிவலி, பேச்சு நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் பதினைந்து வருகிறது. நேர் பாதை, அதன் முடிவில் சுமார் 50 அடி உயரத்துக்கு மேடு, அதன் உச்சியில் கிரீன், கிரீனுக்குள்ளேயே இரண்டு தட்டு. மேட்டின் முகத்தில் பங்கர்கள், ரஃப். இதைத்தான் மைதானத்தின் மிகக் கடினமான ஹோல் என்று ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள்.

டிரைவ் நன்றாக விழுந்தது. மேட்டைப் பார்த்தேன். கிரீனுக்கு அடித்தால் பத்தில் ஒரு தடவை போகும், ஒன்பது தடவை அந்த முகத்தில் மாட்டும். ஐந்தாவதில் பயந்து இடது பக்கம் போனேனே, அது ஞாபகத்துக்கு வந்தது. அதற்காக இங்கே வீம்புக்கு அடிக்கவும் வேண்டாம் என்று தோன்றியது. அடுத்தது எங்கிருந்து அடிக்க வேண்டும்? மேட்டின் அடியில், கொடிக்கு நேராக, பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் என்ற கிளப்பால் அடிக்கும் தூரத்தில். அந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு 7 ஐயர்னில் அங்கேயே போட்டேன். அங்கிருந்து பிட்சிங் வெட்ஜ், வானத்தில் ஏறி மேலே மறைந்தது, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தால் கொடி இருக்கும் தட்டிலேயே, பன்னிரண்டு அடி தூரத்தில். இரண்டு பட். போகி, அதாவது ஐந்து. ஸ்கோர் கார்டில் பார்த்தால் ஒன்று கூடத்தான். எனக்கு அன்றைய நாளின் சிறந்த ஹோல் அது. அண்ணன் அங்கே ஆறு எடுத்தார், தன் கார்டை எழுதுவதற்கு முன்னால் என் கார்டை வாங்கி அந்த ஐந்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

பதினாறு உயரத்திலிருந்து கீழே. பதினேழு பார் 3, அகலமான, ஆழமில்லாத கிரீன், சுற்றிலும் மணல். நான் முன் பங்கரில் விழுந்தேன். உள்ளே இறங்கினால் தலைக்கு மேலே புல் விளிம்பும் வானமும் மட்டும்தான் தெரிகிறது. ஒரே அடியில் வெளியே வந்து நாலில் முடிந்தது. பதினெட்டில் மறுபடி மேலிருந்து கீழே, இரண்டு பக்கமும் பங்கர்கள் ஃபேர்வேயை இடுப்பில் பிடித்த மாதிரி நெருக்குகின்றன, அதற்கப்புறம் கிரீனுக்கு ஏற்றம். கடைசி பட் மூன்றடி. உள்ளே போனது. தொப்பியைக் கழற்றி நாலு பேரும் கை கொடுத்துக்கொண்டோம். ஆறு மைலாவது நடந்திருப்போம்.

என் கணக்கு 101. அண்ணன் 97. பஸ் டிரைவர் தன் 67 வயதில் 88.

பார்க்கிங்குக்கு வந்தபோது நேரம் பதினொன்றரை. எங்கள் ஆறாம் எண்ணில் இருந்து காரை எடுத்ததும், ஞாயிற்றுக்கிழமைக்காக இப்போதே வந்து காத்திருந்த ஒரு பெண் அந்த இடத்தில் தன் காரை விட்டாள். பின்சீட்டில் தலையணை, போர்வை, முன்கண்ணாடியில் குழந்தையின் படம். ஜன்னலை இறக்கி, எப்படி இருந்தது என்று கேட்டாள். முதல் தடவையா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். பஸ் டிரைவர் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன், ஐந்தாவதின் இடது பக்கத்து மரங்களைப் பற்றியும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கூடலூருக்கு போன் போட்டேன், அங்கே ராத்திரி ஒன்பது தாண்டியிருந்தது. "ஊட்டி பஸ்ஸுல போகும்போது ஜன்னல்ல தெரியுமேம்மா, அந்த ஆட்டம்" என்றேன். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே விட்டார்களா என்று கேட்டாள். விட்டார்கள் என்றேன்.

இந்த ஜூனில் மறுபடி முயற்சி பண்ணலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். பங்கரிலிருந்து வெளியே வருவதைத்தான் இப்போது வாரம் இரண்டு நாள் பழகுகிறேன். ஐந்தாவதில் இந்தத் தடவை வலது பக்கம்தான். டிரைவர் கிளப்பால் அடித்தால் பந்து எவ்வளவு பறக்கிறது என்று அளந்து வைத்திருக்கிறேன், காற்று எதிரே இல்லாவிட்டால் மணலின் கிட்டப் பாதியைத் தாண்டிவிடும்.